எல்லாருக்கும் ஒரே தபால் பெட்டி

ஜூலியானா அக்கா மலேசியாவில் ஈப்போ டவுனில் ஒரு டோபி கடையில் வேலை செய்கிறார். முன்னால் மெஷின்கள் ஓடும். பின்னால் மடிக்கிற மேசை. அந்த மேசைதான் அக்காவின் இடம். ஹோட்டல் விரிப்பு, ஆபீஸ் சட்டை, பள்ளிக்கூடச் சீருடை எல்லாம் அவர் கைவழியாகத்தான் போகும். சட்டைப் பைகளில் என்னென்னவோ கிடக்கும். மருந்துப் பட்டை, அடகுக்கடைச் சீட்டு, ஒருமுறை வளைந்துபோன ஒரு மோதிரம். எல்லாவற்றையும் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு அந்தந்தத் துணியோடு ஊசி குத்தி வைத்துவிடுவார். யாருடையது, எதற்கு என்று ஒரு வார்த்தை வெளியே வராது.

“வெளுக்கத்தானே குடுத்தாங்க. கதை கேக்கவா குடுத்தாங்க?” என்பார்.

அப்படிப்பட்டவர் வீட்டுக் கதை எப்படி ஊரெல்லாம் போனது என்பதைத்தான் எழுதுகிறேன். எழுதட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். அவர் மகனிடம் கேட்டார். பெயரை மாற்றினால் சரி என்றான் மகன். மாற்றியிருக்கிறேன். ஜோனதன் என்ற பெயர் அவனே தேர்ந்துகொண்டது.

அக்கா பிறந்தது பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டத்து வரிசை வீடுகளான லயன்களில் யாருக்கும் தனி விலாசம் கிடையாது. எல்லாருக்கும் ஒரே தபால் பெட்டி. ஆபீஸ் வராந்தாவில் இருக்கும். கடுதாசி வந்தால் கணக்கெழுதும் கிராணி பெரட்டு நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். வேலைக்கு ஆள் எண்ணுகிற அந்த இடத்தில் மொத்தத் தோட்டமும் நிற்கும். யாருக்கு எங்கிருந்து கடுதாசி வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். படிக்கத் தெரியாதவருக்கு இன்னொருவர் வாசித்துக் காட்டுவார். நல்லதென்றால் சேர்ந்து சிரிப்பார்கள், சாவு என்றால் சேர்ந்து அழுவார்கள். அதில் யாரும் குறை கண்டதில்லை.

தோட்டம் கைமாறி, ரப்பரை வெட்டி எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டபோது, அக்காவின் அண்ணன் அந்தோணிமுத்துதான் குடும்பத்தை ஈப்போவில் உள்ள புந்தோங்குக்குக் கூட்டி வந்தார். அக்கா இருக்கும் வீடும் அவர் பெயரில். தண்ணி, லைட் அவர் பெயரில். அக்காவின் கணவர் லாரி விபத்தில் போனபோது, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஜோனதனுக்குத் தகப்பன் இடத்தில் நின்றவரும் இந்தத் தாய்மாமன்தான். கோயிலில் எங்கள் அன்பியத்துக்குப் பொறுப்பாளர். பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் வீட்டுக்கு வீடு கூடிச் செபிக்கிற குழு அது. அவர் முந்தி நின்று கும்பிட்டால்தான் எங்களுக்கும் கும்பிட்ட மாதிரி இருக்கும்.

இன்டர்நெட் ஃபோன் வந்த காலத்தில், தங்கைக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தவரும் அவரே. புதுஃபோனைத் திறந்ததும் அது ஈமெயில் விலாசம் கேட்டது.

“உனக்கு எதுக்குத் தனியா ஒண்ணு? ஒரு குடும்பத்துக்கு ஒரு விலாசம் போதும்லா” என்று தன்னுடையதையே போட்டுக் கொடுத்தார். அவர் மனைவி அகதாவின் ஃபோனிலும் அதே விலாசம். அவர் வீட்டு ஹாலில் இருக்கும் டேப்லட்டிலும் அதே. பாஸ்வேர்டு, பழைய தோட்டத்தின் பெயரும் அவர்கள் இருந்த லயன் நம்பரும். மறக்கவே மறக்காது அல்லவா? அக்காவுக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. இல்லாமல் போன தோட்டம் ஃபோனுக்குள் இருக்கிறதே என்று.

ஜோனதன் கார் பாகங்கள் செய்யும் ஃபேக்டரியில் இருந்தான். கெட்டிக்காரப் பையன். கித்தார் வாசிப்பான். போன வருடம் ஈஸ்டருக்கு முந்தின பெரிய நோன்புக் காலத்தில் அவன் வேலைக்குப் போவது நின்றது. முதலில் தலைவலி என்றான். பிறகு அறையை விட்டு வருவதில்லை. ஒரு நாள் அக்கா கஞ்சி கொண்டுபோனபோது, அவன் ஃபோனின் கேமராவில் புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. இன்னொரு நாள் ஃபோனையே மைலோ டின்னுக்குள் போட்டு மூடி வைத்திருந்தான்.

“என்னய்யா இது?”

“ஃபோன்ல கேக்கறாங்கம்மா.”

“யாரு?”

“ஃபேக்டரில உள்ளவனுங்க. நான் என்ன பேசறேன், என்ன நெனைக்கிறேன், எல்லாம் கேக்கறாங்க. கேட்டுட்டு செவத்துக்குப் பின்னால பேசிச் சிரிக்கிறாங்க.”

அக்கா சிரித்துக்காட்டப் பார்த்தார். “நம்ம பேச்சு யாருக்குய்யா வேணும்? நாம என்ன பட்டம் வாங்குன டத்தோவா?”

அவன் சிரிக்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். “இப்பக்கூட பேசறாங்க” என்றான் மெதுவாக.

எங்கள் பேராக் மாநிலத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு பயம் உண்டு. சின்னப் பிள்ளை ஏதாவது கோணலாகப் பேசினால், “உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவேன்” என்று வைவோம். அங்கே இருக்கிற மனநோய் ஆஸ்பத்திரியை வைத்துச் சொல்லும் பேச்சு. எத்தனையோ பேர் அங்கே போய்க் குணமாகி வந்திருக்கிறார்கள். ஆனாலும் அந்த ஊர்ப் பெயரே எங்கள் வாயில் ஒரு வசவாகிவிட்டது. அந்தப் பெயர் தன் பிள்ளைமேல் ஒட்டிக்கொண்டால் பிறகு உரிக்க முடியாது என்று அக்காவுக்குத் தெரியும்.

யாரிடம் கேட்பது? அண்ணனிடம் கேட்டால் அண்ணிக்குத் தெரியும். அண்ணிக்குத் தெரிந்தால் கோயில் வாசலுக்குத் தெரியும். அதனால் அக்கா ஃபோனிடம் கேட்டார். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர்தான். எழுத்துக்கூட்டி வாசிப்பார், ஆனால் டைப் செய்ய வராது. டோபி கடையில், காயவைக்கிற மெஷின் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவருக்கும் பேச்சு கேட்காது. அங்கே நின்று ஃபோனை வாயருகே வைத்து, பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் காதில் சொல்வதுபோலச் சொல்வார்.

“பிள்ளைக்குக் காதுல குரல் கேக்குதுன்னு சொல்றான், என்ன வியாதி?”

“மனசு சரியில்லன்னா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்களா?”

“தஞ்சோங் ரம்புத்தான் போகாம வைத்தியம் இருக்கா?”

ஃபோன் பதில் சொன்னது. சாதாரண அரசாங்கக் கிளினிக்கிலேயே முதலில் பார்க்கலாம், மருந்து உண்டு, சீக்கிரம் பார்த்தால் நல்லது என்று. அக்கா அழுதுகொண்டே விரிப்பை மடித்தார். கடை முதலாளி தவுக்கே கேட்டதற்கு, சோப்புத்தூள் கண்ணில் பட்டதென்றார்.

ஜோனதனைச் சம்மதிக்க வைப்பது லேசில்லை. அவன் தட்டில் மீன் முள்ளை ஒதுக்கிவைக்கும் நேரம் பார்த்து, தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார். தூக்கம் வர மருந்து தருவார்கள், அதற்காவது வா என்றார். கடைசியில் ஒருநாள் சரி என்றான்.

“ஆனா மாமாவுக்குத் தெரியக்கூடாது. கோயில்ல ஒருத்தருக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சா வரமாட்டேன்மா. வரவே மாட்டேன்.”

“மாதா மேல சத்தியம்” என்று அக்கா படத்தைத் தொட்டார். வியாழக்கிழமைக்கு கிளினிக்கில் நேரம் கிடைத்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் அந்தோணிமுத்து அண்ணனும் அகதாவும் வந்தார்கள். அண்ணன் கையில் மந்திரித்த எண்ணெய் புட்டி. கண் சிவந்திருந்தது. ஜோனதன் அப்போதுதான் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

“வாய்யா, மாமா பக்கத்துல உக்காரு” என்றார் அண்ணன். “ஒண்ணும் பயப்படாத. ஆண்டவர் பாத்துக்குவாரு.”

“என்ன மாமா?”

அகதாவுக்கு மனதில் ஒன்று இருந்தால் வாயில் இல்லாமல் போகாது. “காதுல சத்தம் கேக்குதாமேடா தம்பி? ஏன்டா எங்ககிட்ட மொதல்லயே சொல்லல? நாங்க என்ன வேத்து மனுஷங்களா?”

துண்டு அவன் கையிலேயே நின்றுவிட்டது. அம்மாவைப் பார்த்தான்.

“நீ சொன்னியா?”

“சத்தியமா இல்லய்யா. நான் ஒரு வார்த்தை சொல்லல.”

“அவ சொல்லலடா” என்றார் அண்ணனும், தங்கைக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு. “எனக்கே தெரிஞ்சிச்சு.”

“எப்படித் தெரிஞ்சிச்சு?”

அண்ணனுக்கு அதை விளக்கத் தெரியவில்லை. “தெரிஞ்சிச்சுலா. விடு” என்றார்.

ஜோனதன் அம்மாவின் ஃபோனை மேசையிலிருந்து எடுத்தான். அடுப்படிக்குப் போய், அரிசி கழுவிய தண்ணி இருந்த வாளியில் போட்டான். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

“கேக்கறாங்கன்னு சொன்னேன். நீதான் நம்பல” என்றான் கதவுக்குப் பின்னால் இருந்து. அவ்வளவுதான்.

அகதா வாசல் நிலையில் எண்ணெயால் சிலுவை போட்டுவிட்டுப் போனார்.

ஜூலியானா அக்காவைப் பிடித்து உலுக்கியது இதுதான்: அவர் உண்மையிலேயே யாரிடமும் சொல்லவில்லை. அப்படியானால் எப்படி? ஒரு நிமிஷம் அவருக்கே சந்தேகம் வந்ததாம், சுவருக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களோ என்று. எழுந்து சுவரில் காதை வைத்துப் பார்த்தாராம். பக்கத்து வீட்டு டீவியில் சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது.

ராத்திரி ஈரம் போக அரிசி டின்னில் புதைத்து வைத்த ஃபோனை மறுநாள் காலையில் எடுத்துக்கொண்டு, புனிதாவின் கடைக்குப் போனார். கச்சான் பூத்தே என்று கடலை வறுக்கிற கடைக்குப் பக்கத்தில், ஒரு மேசையும் ஒரு கண்ணாடி அலமாரியும் போட்டு ஃபோன் ரிப்பேர் செய்கிற பெண் புனிதா.

“என்னக்கா, ஃபோனுக்கு ஞானஸ்நானமா?” என்றாள், திரைக்குள் தண்ணி நிற்பதைப் பார்த்து.

அக்காவால் சிரிக்க முடியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். புனிதா ஃபோனைப் பிரித்து, விசிறிக்கு முன்னால் வைத்து, ஒரு கோப்பி வரவழைத்துக் கொடுத்தாள். ஃபோன் உயிர் பெற்றதும் அக்கா ஒன்றே ஒன்று கேட்டார்.

“புனிதா, நான் இதுல தேடினது வேற யாருக்காச்சும் தெரியுமா?”

“என்ன தேடுனீங்க?”

“அது வேணாம்மா.”

புனிதா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, தேடினதைப் பார்க்காமலே சொல்கிறேன் என்று ஃபோனைத் திருப்பி, ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். “இதுல யாரு படம் இது?”

சின்ன வட்டத்துக்குள் அந்தோணிமுத்து அண்ணன். கோயில் திருவிழாவில் எடுத்த படம், கழுத்தில் மாலையோடு.

“எங்க அண்ணே.”

“அப்ப இந்த ஃபோன் உங்க ஃபோன், ஆனா பிரவுசர் உங்க அண்ணனோடது. பிரவுசர்னா, நீங்க இன்டர்நெட்ல தேடறீங்க பாருங்க, அந்த ஜன்னல். அதுல அவர் பேருல்லா போட்டிருக்கு? நீங்க என்ன தேடினாலும் அவர் பேர்ல எழுதி வைக்கும். அவர் வீட்டுல டேப்லட் இருக்கா? அதுல அவர் தேடப் போய்த் தொட்டா, நீங்க தேடுனது வரிசையா கீழ எறங்கும்.”

அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. ஞாயிற்றுக்கிழமை வாசகம் பார்க்க அண்ணன் டேப்லட்டைத் தொட்டிருப்பார். தங்கையின் கேள்விகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றிருக்கும். டோபி மெஷின் இரைச்சலில் ஒளித்துச் சொன்னதெல்லாம் அண்ணன் வீட்டு ஹாலில், பெரட்டில் பெயர் கூப்பிட்ட மாதிரி.

“ஒரே தபால் பெட்டிலா” என்றார் அக்கா, தனக்குத்தானே.

“ம்?”

“ஒண்ணும் இல்லம்மா. இதுக்கு என்ன செய்யறது?”

“அண்ணன் பேர எடுத்துட்டு உங்களுக்குன்னு ஒண்ணு வைக்கலாம். பிரவுசரே வேற மாத்தலாம்.” புனிதா நான்கைந்து பிரவுசர் படங்களைக் காட்டினாள். “எல்லாம் ஒண்ணு இல்லக்கா. வீட்டு வேலைக்கு ஆள் வைக்கிற மாதிரிதான். நீங்க போற எடத்துக்கெல்லாம் கூடவே வருவா. போய்ட்டு வந்து மொதலாளிகிட்ட ஒப்பிக்கிறவளும் இருக்கா, வாய மூடிக்கிட்டு வர்றவளும் இருக்கா. நீங்க பாத்தத வச்சு விளம்பரக்காரன்கிட்ட காசு பாக்கறது சிலது. பேரே கேக்காதது சிலது. இது இருக்கு பாருங்க, மூடினா எல்லாத்தையும் அழிச்சிரும்.”

“ரகசியமா பாக்கறதுக்கு ஒண்ணு இருக்குன்னு கடையில பொண்ணுங்க சொன்னாங்களே?”

“அது ஃபோன்ல எழுதி வைக்காது, அவ்ளோதான். போற எடத்துக்காரனுக்கு நீங்க வந்தது தெரியும். லைன் குடுக்கறவனுக்கு எந்த வாசலுக்குப் போனீங்கன்னு தெரியும். அத நம்பி ஏமாந்துறாதீங்க. எந்த பிரவுசரும் சாமி இல்லக்கா.”

“அப்ப முழுசா ஒளிய முடியாதா?”

“முழுசா முடியாது. ஆனா ஹால்ல கெடக்கறத உங்க ரூமுக்குக் கொண்டு போலாம். அதுவே பெருசுலா.” புனிதா ஃபோனைக் கையில் எடுத்தாள். “எது போடட்டும்? சொல்லுங்க.”

அக்கா யோசித்தார். “இப்ப எதுவும் போடாதம்மா. நான் வாரேன்” என்று ஃபோனை வாங்கிக்கொண்டு எழுந்தார்.

நேராக அண்ணன் வீட்டுக்குப் போனார். அண்ணன் வாசலில் ரோஜாச் செடிக்குத் தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, டேப்லட்ல பாத்தீங்களா?”

அவர் மறைக்கவில்லை. “பாத்தேன். மொதல்ல அகதாதான் ஏதோ தேடினான்னு நெனச்சேன். அப்புறம் பிள்ளை, வேலைனு பாத்ததும் புரிஞ்சிச்சு. அப்பவே மனசு ஒடஞ்சிருச்சு, தெரியுமா? ரெண்டு நாளா எனக்குச் சாப்பாடு எறங்கல.”

“என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேண்ணே.”

“நீ மறைக்கிறது எப்படிக் கேக்கறது? அதான் செபத்துல வச்சேன். நேத்து ராத்திரி அன்பியம் குரூப்புலயும் போட்டேன். பேரு போடல ஜூலி. ‘நம்மில் ஒரு தாயின் மகன் மனவேதனையில் இருக்கிறான், வேண்டிக்கொள்ளுங்கள்’, அவ்வளவுதான்.”

அந்தச் செய்தி எங்கள் எல்லாருக்கும் வந்ததுதான். கைகூப்பிய படங்களும் ஆமென்களும் வரிசையாக விழுந்தன. பேர் இல்லைதான். ஆனால் எங்கள் அன்பியத்தில் மாதக்கணக்கில் கோயிலுக்கு வராத மகன் ஒருவன்தான் இருந்தான்.

“பேரு போடல” என்றார் அக்கா. “ஆனா இன்னிக்குக் காலையில முட்டை வாங்கப் போனா, மகன் எப்படி இருக்கான்னு கேக்கறாங்க. நேத்து வரைக்கும் யாரும் கேக்கல.”

“நல்லதுக்குத்தானே கேக்கறாங்க? தோட்டத்துல அம்மாவுக்குச் சொகமில்லாதப்ப எல்லாரும் வந்து நிக்கலையா?”

“வந்தாங்கண்ணே. அம்மாவே வாசல்ல உக்காந்து சொன்னாங்க, வந்தாங்க. இவன் சொல்லலையே. இவன் ஒரு ஆள்கிட்டதான் சொன்னான். என்கிட்ட.” அக்காவின் குரல் உயரவில்லை. உயர்த்திப் பேச அவருக்கு வராது. “நான் பாவசங்கீர்த்தனம் பண்ணும்போது நீங்க பக்கத்துல நின்னு கேப்பீங்களா அண்ணே?”

அண்ணன் வாளியைக் கீழே வைத்தார். “நான் தாய்மாமன் ஜூலி.”

“தாய்மாமன்தான். உங்கள விட்டா எங்களுக்கு யாரு? அதனாலதான் உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு கெஞ்சினான். உங்க முன்னால நல்லவனா நிக்கணும்னு அவனுக்கு ஆசை.”

அண்ணன் குரூப்பில் போட்டதை எடுக்கட்டுமா என்று கேட்டார். எல்லாரும் படித்தாயிற்று, எடுத்தால் இன்னும் பேசுவார்கள் என்றார் அக்கா. அகதா உள்ளே இருந்து, “சாப்பிட்டுப் போ ஜூலி” என்று கூப்பிட்டார். அக்கா சாப்பிடாமல் வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

இனி மகனிடம் என்ன சொல்வது? வழியெல்லாம் அதே யோசனை. ‘மாமா சும்மா ஊகித்துச் சொன்னார்’ என்று ஒரு பொய் சொன்னால் போதும். பொய் லேசு. ஆனால் அவன் ஒருநாள் கண்டுபிடித்தால், அப்புறம் தாய் சொல்கிற எதையும் நம்பமாட்டான், மருந்தைக்கூட. உண்மையைச் சொன்னாலோ, ஃபோனில் கேட்கிறார்கள் என்று அவன் பயந்தது சரி என்றாகிவிடும். அந்தப் பயத்தில் இன்னும் ஆழமாகப் போய்விட்டால்? ஊரில் உள்ள எல்லாத் தாய்மார்களுக்கும் தெரிந்த ஏதோ ஒன்று தனக்கு மட்டும் தெரியாததுபோல் இருந்தது என்றார் அக்கா. மாதா கோயிலில் கொஞ்சநேரம் உட்கார்ந்தார். எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். டோபி மெஷின் பக்கத்தில் நின்று என்ன கேட்டார் என்பது, அண்ணன் பெயரில் இருந்த பிரவுசர், டேப்லட், குரூப்பில் போன செய்தி. பிறகு தாழ்ப்பாள் விலகியது.

“தஞ்சோங் ரம்புத்தான்னு தேடுனியா?” என்றான்.

“போகாம இருக்க வழி இருக்கான்னு தேடினேன்யா.”

அவன் சிரித்தான். மாதக்கணக்காகக் கேட்காத சிரிப்பு. கேட்க நன்றாக இல்லை. “அப்ப ஃபோன் கேட்டது உண்மை. நான் முழுப் பைத்தியம் இல்ல. பாதிதான்.”

“அப்படிச் சொல்லாத. இது உண்மைதான். ஃபோன் சொல்லிக்குடுத்தது உண்மை. நான் தெரியாம செஞ்ச தப்பு. ஆனா செவத்துக்குப் பின்னால பேசறாங்கன்றியே, அது... நான் காத வச்சுப் பாத்தேன்யா. எனக்குக் கேக்கல. உனக்குக் கேக்குது. அது என்னன்னு எனக்குச் சொல்லத் தெரியல. தெரிஞ்சவங்ககிட்ட போலாம்.”

“நீ காத வச்சுப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“நிஜமாவா?”

“பக்கத்து வீட்டுல மீன் சம்பால் வச்சிக்கிட்டு இருந்தாங்க. டீவில.”

அவன் கதவைத் திரும்பச் சாத்தவில்லை.

அந்த வியாழக்கிழமை அவன் கிளினிக்குக்கு வரவில்லை. சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டு அக்கா காத்திருந்தார். வெயில் ஏறியது. பஸ் போயிற்று. சட்டையைத் திரும்ப மடித்து வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்ததும், அக்கா தன் ஃபோனை அவன் முன்னால் மேசையில் வைத்தார். “புனிதா ஏதேதோ காட்டினா. எனக்கு எது நல்லதுன்னு தெரியல. நீயே பாத்து வையி. மாமா பேர எடுத்துடு.”

“எல்லாம் போயிரும்மா. நம்பரு, பாட்டு, எல்லாம் மாமா பேர்லதான் இருக்கு.”

“அப்பா படம்?”

“அத எடுத்து வச்சுட்டு அழிக்கறேன்.”

சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு பிரவுசராக இறக்கினான். என்னென்ன அனுமதி கேட்கிறது என்று ஒவ்வொன்றாகப் படித்தான். மைக் கேட்டதை வேண்டாம் என்றான். இருக்கிற இடம் கேட்டதை வேண்டாம் என்றான். சிலவற்றைப் போட்ட கையோடு எடுத்தெறிந்தான். கடைசியில் பேர் கேட்காத ஒன்றை வைத்தான். மூடினால் மறந்துவிடும், ஆனால் இனி வாயால் பேசித் தேட வராது, எழுதித்தான் தேட வேண்டும் என்றான். அக்காவின் ஆள்காட்டி விரலைப் பிடித்து எழுத்துகள் இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்தான். பல மாதத்துக்குப் பிறகு அவன் தானாக அம்மாவைத் தொட்டது அப்போதுதான்.

ஆனால் இடையிடையே சுவரைத் திரும்பிப் பார்த்தான். அக்கா அதையும் பார்த்தார்.

“வேற நாள் வாங்கலாமா?” என்று அவனே கேட்டான், ஃபோனை நீட்டிக்கொண்டு. அந்தப் புது ஜன்னலில், அம்மா கண்ணெதிரில், கிளினிக்கின் நம்பரைத் தேடினான்.

கிளினிக்கில் அவன் தனியாகத்தான் உள்ளே போனான். “நீ இங்கயே இரு” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு. அக்கா வெளிநாற்காலியில் உட்கார்ந்தார். மடியில் டோபி கடைப் பை, மருந்து தந்தால் வெளியே தெரியாமல் போட. ஜெபமாலையைக் கைப்பைக்குள்ளேயே விரலால் உருட்டினார். பக்கத்தில் யார் யாரோ இருந்தார்கள். உதடு அசையவில்லை.

ஃபோன் அடித்தது. அண்ணன். இத்தனை வருடத்தில் அண்ணன் கூப்பிட்டு அக்கா எடுக்காமல் விட்டதில்லை. விரல் பச்சைப் பொத்தான்மேல் போய் நின்றது. பிறகு சத்தத்தை மட்டும் அடக்கினார். திரையில் அண்ணன் பெயர் மின்னி மின்னித் தானாக நின்றது. ஏதோ பெரிய பாவம் செய்ததுபோல் இருந்தது என்றார்.

ஜோனதன் வர நேரமானது. வந்தபோது கையில் மருந்துச் சீட்டு. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“யாராச்சும் கேட்டாங்களா?”

“மாமா கூப்பிட்டாரு. எடுக்கல.”

“திரும்பக் கூப்பிட்டா?”

“பொய் சொல்ல மாட்டேன். வெளிய இருக்கேன், அப்புறம் பேசறேன்னு சொல்வேன்.”

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். மருந்து கொடுக்கிற ஜன்னலில் அவனுடைய பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். முழுப் பெயர், தகப்பன் பெயரோடு. கூடம் முழுக்கக் கேட்டது. அக்கா அவன் முகத்தைப் பார்க்கப் பயந்தார்.

அவன் எழவில்லை. கைகள் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தன. இரண்டாம் தடவையும் கூப்பிட்டார்கள். அக்கா எழப் போனார்.

“நான் போறேன்மா” என்றான். டோபி பையை அவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு போனான்.